சமையலுக்கும் கணக்குக்கும் எதுக்கு ஒரு நேவி பேஸ்? ஐஎன்எஸ் ஹம்லா வரலாறு

கேள்வி இதுதான்: அக்கா பையன் அக்னிவீர் எம்ஆர்ல (நேவில நாலு வருஷத்துக்கு ஆள் எடுக்கற திட்டம், அதுல பத்தாங்கிளாஸ் தகுதிக்கான பிரிவு) செலக்ட் ஆகி ஒடிசால சில்கா ட்ரெய்னிங் முடிச்சிட்டான், இப்போ செஃப் ட்ரேடுக்கு மும்பைல ஐஎன்எஸ் ஹம்லாவுக்கு அனுப்புறாங்களாம். சமையல் கத்துக்க எதுக்கு தனியா ஒரு நேவல் பேஸ், அதுக்கு எதுக்கு கப்பல் மாதிரி பேரு, அந்த இடத்தோட வரலாறு என்ன?

கேள்வில லேசா ஒரு கிண்டல் இருக்கு, பரவால்ல, நேவின்னாலே எல்லாருக்கும் மிஸைலும் சப்மரீனும் தான் ஞாபகம் வரும், அரிசி மூட்டை யாருக்கும் ஞாபகம் வராது. ஆனா கடற்படை வரலாற்ற கொஞ்சம் தோண்டிப் பாத்தீங்கன்னா பெரிய பெரிய கலவரம் பலதும் சாப்பாட்டுத் தட்டுல இருந்தும் சம்பளக் கணக்குல இருந்தும் தான் கெளம்பியிருக்கு. சப்ளைய ஒரு தொழிலா ஒழுங்கா சொல்லித்தரணும்னு நேவிகளுக்கு புத்தி வந்ததுல அதுக்கு பெரிய பங்கு இருக்கு. ஹம்லாவுக்கு இதுல நேரடியாவே ஒரு தொடர்பு உண்டு, அதுக்கு வரேன்.

மொதல்ல அந்தக் கப்பல் பேரு விஷயம். ஹம்லா மிதக்கிற கப்பல் இல்ல, மும்பைல மலாட் வெஸ்ட்ல, மார்வே கடலோரத்துல இருக்கற கரைத்தளம். பிரிட்டிஷ் ராயல் நேவில ஒரு ஆளுக்கு சம்பளம் போடணும்னாலும் சரி, நேவி சட்டப்படி தண்டனை குடுக்கணும்னாலும் சரி, அவன் பேரு ஏதாவது ஒரு கப்பலோட கணக்குப் புத்தகத்துல இருந்தாகணும். கரைல வேலை பாக்குறவன என்ன பண்றது? கரைத்தளத்துக்கே ஒரு கப்பல் பேரு வெச்சு அந்தப் புத்தகத்துல ஏத்திட்டாங்க. அந்த வழக்கம் அப்படியே இங்கயும் வந்துடுச்சு. ஆக அந்த கப்பல் பேருக்கும் அடில இருக்கறது கணக்குப்பிள்ளை வேலை தான்.

இப்போ கொஞ்சம் பின்னாடி போவோம். பழைய பாய்மரக் காலத்துல கப்பல்ல சாப்பாடு, துணிமணி, மெழுகுவர்த்தி, புகையில எல்லாத்துக்கும் பொறுப்பு பர்சர்னு ஒருத்தர். அவர அரை ஆபீசர் அரை கடைக்காரர்னு தான் சொல்லணும். வேலைல சேரவே ஜாமீன் பணம் கட்டணும், அப்புறம் மாலுமிங்களுக்கு சாமான் வித்து வர்ற கமிஷன்ல தான் பொழப்பு. இப்படி ஒரு ஏற்பாடு இருந்தா என்ன நடக்கும்னு சொல்லவே வேணாம். 1677ல சாமுவேல் பெப்பிஸ்னு அட்மிரால்டி (பிரிட்டிஷ் நேவிய நிர்வாகம் பண்ற ஆபீஸ்) செக்ரட்டரி ஒருத்தர் உக்காந்து, ஒரு மாலுமிக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு பிஸ்கட், ஒரு கேலன் பீர், எந்தக் கிழமைல எவ்வளவு கறின்னு கணக்கா எழுதி வெச்சார். ஆனா பேப்பர்ல இருந்த பவுண்டு வேற, தட்டுல விழுந்த பவுண்டு வேற. ஊர்ல ஒரு பவுண்டுக்கு 16 அவுன்ஸ், கப்பல்ல மாலுமிக்கு அளந்து போட்டது 14 தான். மீதி 2 அவுன்ஸ எலி தின்னது, சிந்தினது, கெட்டுப்போனதுன்னு பர்சர் புடிச்சிக்கலாம், திருட்டுத்தனமா கூட இல்ல, வழக்கமாவே அது ஒத்துக்கப்பட்ட விஷயம்!

இது வெடிச்சது 1797 ஏப்ரல் 16ல. போர்ட்ஸ்மவுத் பக்கத்துல ஸ்பிட்ஹெட்ல நின்னுட்டிருந்த சேனல் ஃப்ளீட் (இங்கிலீஷ் கால்வாய காக்குற கப்பல் கூட்டம்) மாலுமிங்க கப்பல எடுக்க மாட்டோம்னுட்டாங்க, அதுவும் பிரான்ஸோட யுத்தம் நடந்துட்டிருக்கறப்போ. அவங்க கேட்டது புரட்சி கிரட்சி எல்லாம் இல்லைங்க. நூறு வருஷத்துக்கு மேல ஏறாத சம்பளத்த ஏத்துங்க, பவுண்டுக்கு 16 அவுன்ஸ் போடுங்க, காய்கறி குடுங்க, நோயாளிகள ஒழுங்கா பாத்துக்கோங்க, துறைமுகத்துல நிக்கிறப்போ வீட்டுக்கு போக லீவு குடுங்க, அவ்வளவு தான். அரசாங்கம் எறங்கி வந்துச்சு, சம்பளமும் ஏறுச்சு, முழு பவுண்டும் கெடைச்சுது, எல்லாருக்கும் மன்னிப்பும் குடுத்தாங்க. 1905ல ரஷ்யாவோட பொட்டெம்கின் போர்க்கப்பல்ல நடந்த கலகமும் கறில புழு நெளிஞ்சதுல இருந்து ஆரம்பிச்சது தான்.

அதுக்கப்புறம் பர்சர மெல்ல மெல்ல சம்பளம் வாங்குற ஆபீசரா மாத்துனாங்க. 1852ல பேமாஸ்டர்னு பேரு மாறுச்சு, யூனிஃபார்ம்ல தங்கக் கோடுகளுக்கு நடுவுல வெள்ளைத் துணி வந்துச்சு, 1944ல சப்ளை அண்ட் செக்ரட்டேரியட் பிராஞ்ச், சுருக்கமா எஸ் அண்ட் எஸ் ஆச்சு. பிரிட்டன்ல இதுக்கான ஸ்கூல் யார்க்‌ஷைர்ல வெதர்பின்ற சின்ன ஊர்ல, கடலே கண்ணுக்குத் தெரியாத எடத்துல இருந்துச்சு. 1944ல ஹெச்எம்எஸ் டிமீட்ரியஸ், 1946ல இருந்து ஹெச்எம்எஸ் சீரஸ். 1958ல அத மூடிட்டு சாத்தம்ல ஹெச்எம்எஸ் பெம்ப்ரோக்குக்கு கொண்டு போனாங்க, 1980கள்ல சாத்தம் டாக்யார்டையே மூடுனப்போ கார்ன்வால்ல ஹெச்எம்எஸ் ராலேக்கு போச்சு. வெதர்பி கேம்ப் அப்புறம் என்ன ஆச்சுன்னா சிறுவர் சீர்திருத்த ஜெயில் ஆச்சு, இன்னைக்கும் அங்க ஜெயில் தான். அமெரிக்கால இதே மாதிரி சப்ளை கோர் ஸ்கூல் யுத்த காலத்துல ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூல்லயே நடந்துச்சு, 1954ல ஜார்ஜியா மாநிலம் ஏதென்ஸுக்கு போச்சு, இப்போ நியூபோர்ட்ல இருக்கு. 

சரி, நம்ம ஊருக்கு வருவோம். ரெண்டாம் உலகப்போர் தொடங்கின 1939ல ராயல் இந்தியன் நேவில மொத்த ஆளே 2,000க்கும் கம்மி. 1945ல அது 30,000த்துக்கு பக்கத்துல போயிடுச்சு. ஆறு வருஷத்துல இப்படி வீங்குன ஒரு படைக்கு சாப்பாடு, துணி, சம்பளம், தங்குற எடம்னு யார் பாக்குறது? மேல ஆபீசருங்க பெரும்பாலும் வெள்ளைக்காரங்க, கீழ இந்தியா முழுக்க இருந்து வந்த பசங்க, அரிசிக்காரனும் உண்டு ரொட்டிக்காரனும் உண்டு. கிச்சன்ல இருந்த சமையல்காரருக்கு அப்போ பண்டாரின்னு பேரு. ஹம்லாவும் இந்த யுத்த காலத்துல பொறந்தது தான், ஆனா அப்போ அதுக்கும் சப்ளைக்கும் சம்பந்தம் கிடையாது. லேண்டிங் கிராஃப்ட், அதாவது சிப்பாய்ங்கள நேரா எதிரி கரைல எறக்கி விடுற தட்டையான படகுகள், அதுக்கான பசங்களோட தளம் அது. அந்த லேண்டிங் கிராஃப்ட் பிரிவு பர்மா பக்கம் அரக்கான் கடற்கரைல சண்டையிலயும் எறங்குச்சு.

அப்புறம் 1946 பிப்ரவரி. பம்பாய்ல சிக்னல் ஸ்கூலான ஹெச்எம்ஐஎஸ் தல்வார்ல பசங்க வாய்ல வைக்க முடியாத சாப்பாட்ட தொட மாட்டோம்னு சொல்லி, 18ஆம் தேதி ஸ்ட்ரைக்ல உக்காந்துட்டாங்க. "சாப்பாடு இல்லன்னா வேலை இல்ல", இது தான் கோஷம். சாப்பாடு மட்டும் தான் காரணம்னு சொன்னா அது தப்பு. சுவத்துல வெள்ளையனே வெளியேறுன்னு எழுதுனதுக்கு பி.சி.தத்த அரெஸ்ட் பண்ணியிருந்தாங்க, கமாண்டர் கிங் பசங்கள கேவலமா திட்டியிருந்தார், ஐஎன்ஏ (நேதாஜியோட இந்திய தேசிய ராணுவம்) வீரர்கள் மேல நடந்த வழக்கால நாடே கொதிச்சிட்டிருந்துச்சு. ஆனா எல்லாத்தையும் பத்த வெச்ச தீக்குச்சி அந்தத் தட்டு தான். ரெண்டே நாள்ல கிட்டத்தட்ட 78 கப்பல், 20 கரைத்தளம், 20,000 பேருன்னு பரவிடுச்சு. மார்வேல இருந்த ஹம்லாவும் அந்த லிஸ்ட்ல உண்டு, சப்ளை சம்பந்தமே இல்லாத அந்த லேண்டிங் கிராஃப்ட் பசங்களும் சேந்துக்கிட்டாங்க. எம்.எஸ்.கான் தலைவரா, மதன் சிங் துணைத்தலைவரா ஸ்ட்ரைக் கமிட்டி வந்துச்சு, பம்பாய் ரோட்டுல பொதுமக்கள் நூத்துக்கணக்குல செத்தாங்க, கடைசில படேல் பேசி 23ஆம் தேதி காலைல சரண்டர் ஆனாங்க.

எனக்கு இதுல ரொம்ப முக்கியமா படுறது அந்த கமிட்டியோட கோரிக்கைப் பட்டியல். அரசியல் கைதிகளையும் ஐஎன்ஏ ஆளுங்களையும் விடு, இந்தோனேஷியால இருந்து இந்தியப் படைய திருப்பி கூப்புடு, திட்டுன கமாண்டர் மேல ஆக்‌ஷன் எடு, இதெல்லாம் அரசியலும் ஒழுங்கு நடவடிக்கையும். மீதிய பாருங்க: நல்ல இந்தியச் சாப்பாடு, ராயல் நேவிக்கு சமமா சம்பளமும் கேன்டீன் வசதியும், வேலைல இருந்து விடுவிக்கும்போது சரியான கிராஜுட்டி, வீட்டுக்கு போறப்போ குடுத்த துணிய திருப்பி கேக்காத. சாப்பாடு, சம்பளம், கேன்டீன், கிராஜுட்டி, துணி, அஞ்சுமே பே ஆபீஸும் ஸ்டோர்ஸும் விக்சுவலிங்கும் (ரேஷன் பிரிவு) பாக்க வேண்டிய வேலை. 1797 ஸ்பிட்ஹெட் லிஸ்ட்டையும் இதையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு படிச்சா, நடுவுல 149 வருஷம் போனதே தெரியாது. அப்புறம் பாட்னா தலைமை நீதிபதி ஃபஸ்ல் அலி தலைமைல விசாரணை கமிஷன் போட்டாங்க, அங்கயும் சாப்பாடு, சம்பளம்னு சாட்சி மேல சாட்சியா சொல்லியிருக்காங்க.

1947ல இன்னொரு அடி. பிரிவினைல கப்பல்கள மூணுல ரெண்டு பங்கு நமக்கு, ஒரு பங்கு பாகிஸ்தானுக்குன்னு பிரிச்சாச்சு, ஆனா ட்ரெய்னிங் தளத்த பிரிக்க முடியாதே, எங்க இருக்கோ அங்கயே தான் இருக்கும். கன்னரி (பீரங்கி) ஸ்கூல் ஹிமாலயா, பாய்ஸ் ட்ரெய்னிங் பஹதூர், ராடார் ஸ்கூல் சமக், எல்லாம் கராச்சில மாட்டிக்கிச்சு. நம்ம நேவி கொச்சின், லோனாவ்லா, ஜாம்நகர், விசாகப்பட்டினம்னு இருக்கறத வெச்சு ட்ரெய்னிங்க திரும்ப கட்ட வேண்டியதாச்சு. அந்தச் சுத்துல 1950களோட நடுவுல எஸ் அண்ட் எஸ் ஸ்கூல் ஹம்லாவுக்கு வந்து சேந்துச்சு. சாப்பாட்டுக்காக ஸ்ட்ரைக் பண்ணவங்களோட சேந்துக்கிட்ட அதே தளம், பத்து வருஷம் கழிச்சு நேவிக்கே ரேஷன் கணக்கும் சமையலும் சொல்லிக்குடுக்கற எடமா ஆயிடுச்சு, யாரும் அத நெனச்சு திட்டம் போட்டு பண்ணுன மாதிரி தெரியல, ஆனா பொருத்தம் அப்படி. அந்தக் காலகட்டத்துல நேவி தலைவரே பிரிட்டிஷ்காரர் தான், அட்மிரல் பிஸி, அப்புறம் கார்லில், 1958ல செங்கல்பட்டுல பொறந்த கட்டாரி வந்தப்புறம் தான் மொத இந்தியத் தலைவர். அதனால ஸ்டோர்ஸ் லெட்ஜர், வார்த்தைகள், ஃபாரம் எல்லாம் ராயல் நேவி வாசனையோடயே வந்துச்சு.

அங்க என்ன தான் சொல்லித்தராங்கன்னு கேட்டா, சமையல் ஒரு பகுதி மட்டும் தான். ரைட்டர் (ஆபீஸ் வேலை, கணக்கு எழுதறவர்), ஸ்டோர்ஸ் அசிஸ்டன்ட், ஸ்டூவர்ட் (மெஸ்ல பரிமாறுறவர்), செஃப், இவங்களோட லாஜிஸ்டிக்ஸ் ஆபீசர்களும் அங்க தான் படிக்கறாங்க. கப்பல்ல லாஜிஸ்டிக்ஸ் ஆபீசருக்கு தனி டிபார்ட்மென்ட் உண்டு, பழைய பேருல இருந்த செக்ரட்டேரியட் பாதியும் அவர் தலைல தான், கடிதம், ரகசிய ஃபைல், விசாரணை பேப்பர், காசு பட்டுவாடா. ஸ்டோர்ஸ் பக்கம் ஒரு பையன் மொதல்ல கத்துக்கறது லெட்ஜர் பேலன்ஸும் கிரவுண்ட் பேலன்ஸும் ஒத்துப்போகணும்ன்றது. புத்தகத்துல 12 வால்வுன்னு இருக்கு, ரேக்ல எண்ணுனா 11, இப்போ அந்த ஒண்ணு எங்க? பெர்மனென்ட் ஸ்டோர்ஸா (திருப்பி கணக்கு காட்ட வேண்டியது) கன்ஸ்யூமபிளா (செலவாகி தீந்து போறது), பெர்மனென்ட்னா யார் கையெழுத்து போட்டு வாங்குனா, தேய்ஞ்சு போனதா தொலைஞ்சு போனதா, தேய்ஞ்சதுன்னா சர்வே பண்ணணும், தொலைஞ்சதுன்னா லாஸ் ஸ்டேட்மென்ட் எழுதணும், அதுக்கு ஒரு போர்டு உக்காரும், அப்புறம் தான் ரைட் ஆஃப், அதாவது கணக்குல இருந்து கழிக்கறது. ஒரு வால்வுக்கா இவ்வளவுன்னு தோணும், ஆனா நடுக்கடல்ல அந்த வால்வு இல்லன்னா பம்ப் ஓடாது, பக்கத்துல கடையும் கிடையாது. எல்லாத்துக்கும் மேல பேட்டர்ன் நம்பர், அதாவது ஒவ்வொரு சாமானுக்கும் இருக்கற அடையாள எண், பேர நம்பவே கூடாது, ஒரே பேருல நாப்பது வகை நட்டு இருக்கும், நம்பர் ஒரு டிஜிட் தப்பா எழுதுனா வேற கப்பலோட உதிரிபாகம் வந்து எறங்கும்.

சாப்பாட்டு கணக்கும் அப்படித்தான். விமானந்தாங்கிக் கப்பல் விக்ரமாதித்யா வந்தப்போ நேவியே சொன்ன கணக்கு ஒண்ணு: 1,600 பேருக்கு மேல, மாசத்துக்கு கிட்டத்தட்ட ஒரு லட்சம் முட்டை, 20,000 லிட்டர் பால், 16 டன் அரிசி, முழுசா சாமான் ஏத்துனா 45 நாள் வரைக்கும் கடல்ல நிக்கலாம். கேக்க பிரம்மாண்டமா இருக்கு இல்ல? இத வகுத்துப் பாருங்க. 1,600 பேரு, 30 நாளு, மொத்தம் 48,000 ஆள்-நாள். முட்டை தலைக்கு ரெண்டு, பால் 400 மில்லிக்கு கொஞ்சம் மேல, அரிசி 330 கிராம் சொச்சம். தலைக்கு இருபது கிராம் அரிசி கூடப் போட்டீங்கன்னா மாசத்துக்கு ஒரு டன் தூக்கி அடிச்சிடும், 20 கிராம் கொறைச்சீங்கன்னா மெஸ்ல முனகல் ஆரம்பிக்கும். அளவ எங்க நிறுத்தணும், எத மொதல்ல சமைக்கணும், எத கோல்ட் ரூம்ல எந்த மூலைல வெச்சா மொதல்ல எடுக்க வரும், இதெல்லாம் பிரியாணி ருசிய விட கஷ்டமான பாடம். பழைய ராயல் நேவில ஸ்டோர்ஸ்காரனுக்கு ஜாக் டஸ்டின்னு பட்டப்பேரு, மாவு மூட்டைக்குள்ளயே கெடந்து உடம்பெல்லாம் மாவா இருப்பான்னு.

1960கள்ல இந்த ஸ்கூல் பசங்களுக்கு நெஜமான தலைவலி வந்துச்சு, ரஷ்யக் கப்பல்கள். அதுவரைக்கும் எல்லாமே பிரிட்டிஷ் சாமான், பிரிட்டிஷ் கேட்டலாக். 1967ல மொத சப்மரீன் கல்வரிய சோவியத்ல நேவில சேத்துக்கறாங்க, அப்புறம் பெட்யான்ற சப்மரீன் வேட்டைக் கப்பல்கள், மிஸைல் படகுகள். ரஷ்ய எழுத்துல லிஸ்ட், வேற அளவு முறை, வேற நம்பர் முறை, ரெண்டு கேட்டலாக்க ஒரே கிடங்குல ஒத்துப்போக வைக்கணும். 1971 டிசம்பர் 4 ராத்திரி கராச்சிய அடிச்சது நிபாத், நிர்காட், வீர்னு மூணு மிஸைல் படகுன்னு எல்லாரும் சொல்லுவாங்க, அந்தப் படகுகளுக்கு ரேஞ்ச் ரொம்ப கம்மி, கூடவே போஷக்னு ஒரு டேங்கர் போச்சுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. டீசல் சுமந்துட்டு போனவனுக்கு போஸ்டர் கிடையாது, நியாயமே இல்ல. அப்புறம் 1991ல சோவியத் யூனியனே ஒடஞ்சப்போ உதிரிபாகம் செய்யற ஃபேக்டரி எந்த நாட்டுல இருக்குன்னே தெரியாத நெலமை, உக்ரைன்ல ஒண்ணு, லாட்வியால ஒண்ணு, ரஷ்யால ஒண்ணு. உள்நாட்டுலயே செஞ்சுக்கணும்ன்ற பேச்சு சூடு புடிச்சதுல அந்த அனுபவத்துக்கு பெரிய பங்கு இருக்கு.

எஸ் அண்ட் எஸ்ன்ற பேரு பிற்பாடு லாஜிஸ்டிக்ஸ்னு மாறுச்சு, இப்போ கப்பல நடத்துற ஆபீசர்களோட எக்ஸிகியூட்டிவ் பிராஞ்சுக்குள்ளயே ஒரு கேடர், அதாவது ஒரு பிரிவு. லெட்ஜர் போய் கம்ப்யூட்டர் வந்துச்சு, சாமான் எண்ணுற வேலை மட்டும் போகல. 1992ல நேவி மொதமுறையா பெண் ஆபீசர்கள எடுத்தப்போ தெறந்த கதவுகள்ல ஒண்ணு லாஜிஸ்டிக்ஸ், மத்தது கல்வி, சட்டம். ஆனா ஷார்ட் சர்வீஸ் கமிஷன் தான், பதினாலு வருஷத்தோட அனுப்பிடுவாங்க, 2020 மார்ச் 17ல சுப்ரீம் கோர்ட் ஆன்னி நாகராஜா வழக்குல நிரந்தர கமிஷன் குடுன்னு தீர்ப்பு சொன்னதுக்கப்புறம் தான் அது மாறுச்சு. இவ்வளவு லேட்டானதுக்கு எந்த சாக்கும் எனக்கு ஏத்துக்கற மாதிரி இல்ல.

இப்போ உங்க அக்கா பையன் விஷயம். சில்கால எல்லா ட்ரேடுக்கும் சேத்து அடிப்படை ட்ரெய்னிங் முடிஞ்சிருச்சு, டிரில், நீச்சல், துப்பாக்கி எல்லாம் அவனுக்கும் உண்டு, ஹம்லால ட்ரேட் பாடம் மட்டும். வீட்டு சமையல்ல கைப்பக்குவம் இருந்தா நல்லது, ஆனா இங்க நூறு பேருக்கு ஒரே நேரத்துல, கப்பல் ஆடிட்டிருக்கறப்போ, அளந்து குடுத்த சாமான்ல சமைக்கணும். கொதிக்கிற அண்டாவ ஆடுற தளத்துல வெச்சு வேலை பாக்கறதுனால பாதுகாப்பும் ஒரு பாடம், சுத்தம் அத விட பெரிய பாடம், ஒரு வேளை சாப்பாடு கெட்டுச்சுன்னா மொத்த கப்பலும் படுத்துடும். கோர்ஸ் முடிஞ்சு கப்பலுக்கு போஸ்டிங் ஆனா ஆக்‌ஷன் ஸ்டேஷன்ஸ்னு, அதாவது சண்டைக்கு அவங்கவங்க எடத்துக்கு போங்கன்னு, பைப் அடிச்ச உடனே அடுப்ப அணைச்சிட்டு அவனுக்கும் ஒரு எடம் உண்டு, டேமேஜ் கன்ட்ரோலோ, முதலுதவியோ, குண்டு எடுத்துக் குடுக்கறதோ. நாலு வருஷம் முடிஞ்சதும் 25 சதவீதம் வரைக்கும் தான் நிரந்தரமா எடுப்பாங்க, அதனால ட்ரேட் பரீட்சைய லேசா எடுத்துக்க வேணாம்னு அவன்கிட்ட இப்பவே சொல்லி அனுப்புங்க.